தமிழும் மலாயும் ஆங்கிலமும்: வாக்கியம் அமையும் வகை

மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவன் ஒரே நாளில் மூன்று மொழிகளில் வாக்கியம் எழுதுகிறான். ஒரு பாடவேளையில் ‘இது பெரிய வீடு’ என்று எழுதிய அதே கை, மணி அடித்ததும் ‘இனி ரூமா பெசார்’ என்று மலாயில் எழுதவேண்டும். அடுத்த மணிக்கு ‘திஸ் இஸ் எ பிக் ஹவுஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதவேண்டும். மலாயில் எழுதும்போது அவன் ‘இனி பெசார் ரூமா’ என்று எழுதிவிட்டால் ஏட்டில் சிவப்புக் கோடு விழுகிறது. அக்கோடு பிழை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும். எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டாது.

இத்தகைய பிழையைக் கவனக்குறைவு என்று கொள்பவர் உண்டு. மந்தபுத்தி என்று கொள்பவரும் உண்டு. உண்மையில் அஃது இரண்டும் அன்று. அச்சிறுவன் மலாய்ச் சொற்களைச் சரியாகவே அறிந்திருக்கிறான். அவற்றைத் தமிழ் ஒழுங்கில் நிறுத்திவிட்டான். ஒழுங்கின்றி எழுதவில்லை, வேறோர் ஒழுங்கில் எழுதியிருக்கிறான். இதனை அறிந்த ஆசிரியர் அப்பிழையைச் சில நிமிடங்களில் திருத்தலாம். அறியாதவர் ஆண்டு முழுவதும் கோடு போட்டுக்கொண்டே இருக்க நேரும். இடையில் அகப்பட்ட மாணவனோ, ‘மொழி நமக்கு வராது’ என்று தன்னைப்பற்றித் தானே தீர்ப்பு எழுதிக்கொள்வான்.

மொழிகளைப்பற்றி மக்களிடையே சில கருத்துகள் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. ‘மலாய்க்கு இலக்கணமே இல்லை, சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும்’ என்பது ஒன்று. ‘ஆங்கிலமே ஒழுங்கான மொழி, தமிழ் தலைகீழ் மொழி’ என்பது மற்றொன்று. ‘தமிழைப்போல் இலக்கணம் உடைய மொழி உலகில் வேறில்லை’ என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. ஒரு மொழியை மற்றொரு மொழியின் அளவுகோலால் அளப்பதே அந்த வேர். மொழிகள் வாக்கியத்தை எவ்வாறு கட்டுகின்றன என்பதை அறிந்தால் இம்மூன்றும் தாமே உதிர்ந்துவிடும்.

மூன்று கருவிகள்

பூனை, மீன், தின்னுதல் என்னும் மூன்றை எடுத்துக்கொள்வோம். இம்மூன்றையும் வெறுமனே அடுக்கினால் செய்தி பிறக்காது. தின்றது எது, தின்னப்பட்டது எது என்பது தெரியவேண்டும். அதனைத் தெரிவிக்க மொழிகளிடம் மூன்று கருவிகள் உள்ளன. ஒன்று, சொல் நிற்கும் இடம். இரண்டு, சொல்லோடு ஒட்டும் உருபு. மூன்று, தனித்து நிற்கும் சிறுசொல்.

மலாய் இங்கே முதற்கருவியைக் கையாளுகிறது. ‘குச்சிங் மாக்கான் ஈக்கான்’ என்றால் பூனை மீனைத் தின்றது என்று பொருள். ‘ஈக்கான் மாக்கான் குச்சிங்’ என்று மாற்றினால் மீன் பூனையைத் தின்றது என்று ஆகிவிடும். சொற்கள் அவையே, இடம் மட்டும் மாறியது, பொருள் தலைகீழாயிற்று. ஆங்கிலமும் இவ்வாறே. ‘தி கேட் ஏட் தி ஃபிஷ்’ என்பதில் பூனையையும் மீனையும் இடம் மாற்றினால் கதையே மாறிவிடும்.

தமிழ் இரண்டாம் கருவியைக் கையாளுகிறது. ‘பூனை மீனைத் தின்றது’ என்னும்போது ‘மீன்’ என்பதோடு ஒட்டிய ‘ஐ’ உருபே, மீன் செயப்படுபொருள் என்று அறிவித்துவிடுகிறது. ஆதலின் ‘மீனைப் பூனை தின்றது’ என்றாலும், ‘தின்றது பூனை மீனை’ என்றாலும் பொருள் குழம்புவதில்லை. மூன்று சொற்களை ஆறு வகையாக அடுக்கலாம். ஆறிலும் பூனைதான் தின்னும். எனினும் ஆறும் ஒரே தன்மையன அல்ல. வினை இறுதியில் வருவதே இயல்பு. மற்றவை ஏதேனும் ஒரு சொல்லுக்கு அழுத்தம் தரும்பொருட்டு வருவன.

உருபு மறைந்தால் தமிழிலும் மயக்கம் தோன்றும். இதற்கு இலக்கண ஆசிரியர்கள் வழங்கிவரும் எடுத்துக்காட்டு ‘புலிகொல் யானை’ என்பது. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? இரண்டுக்கும் இடமுண்டு. ‘ஐ’ என்பதோ ‘ஆல்’ என்பதோ வெளிப்பட்டு நின்றால் ஐயம் இல்லை. எழுத்தளவில் சிறியதாகிய உருபு, பொருளளவில் யானையையும் புலியையும் தாங்கி நிற்கிறது.

இக்கருவிகள் ஒன்றுக்கொன்று ஈடு செய்பவை. இலத்தீனில் பெயர்ச்சொல்லின் ஈறுகள் வலிவுடன் இருந்தமையால் சொற்களை இடம் மாற்றி நிறுத்தும் உரிமையும் மிகுதி. ‘கானிஸ் ஹோமினெம் மோர்தெத்’ என்றாலும் ‘ஹோமினெம் கானிஸ் மோர்தெத்’ என்றாலும் நாய் மனிதனைக் கடிக்கிறது என்பதே பொருள். ஆங்கிலமும் ஒருகாலத்தில் அத்தகைய ஈறுகளைப் பெற்றிருந்த மொழியே. சற்றேறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை ஈறுகள் இருந்தன. பின்னர் அவை தேய்ந்து மறைந்தன; மறைய மறையச் சொல்லின் இடம் இறுகிக்கொண்டே வந்தது. ஒரு கருவி கைவிட்டதும் மற்றொரு கருவி அதன் வேலையை ஏற்றுக்கொண்டது. இதனால் அம்மொழி தாழ்ந்துவிடவும் இல்லை, உயர்ந்துவிடவும் இல்லை.

உலக மொழிகளில் சொல்வரிசை

எழுவாய், செயப்படுபொருள், வினை ஆகிய மூன்றையும் ஆறு வகையாக அடுக்கலாம் என்று கண்டோம். உலக மொழிகள் இவற்றுள் எவற்றை விரும்புகின்றன? மாத்யூ டிரையர் என்னும் மொழியியலறிஞர் உலக மொழிகளின் அமைப்பு வரைபடத் தொகுதிக்காக 1,376 மொழிகளை ஆராய்ந்து கணக்கிட்டார். 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, தமிழைப்போல் எழுவாய், செயப்படுபொருள், வினை என்று அடுக்குபவை 564 மொழிகள். மலாயையும் ஆங்கிலத்தையும்போல் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று அடுக்குபவை 488. வினையை முதலில் நிறுத்தி, எழுவாயை அடுத்து வைப்பவை 95. வேல்ஸ் மொழி இவ்வகையைச் சார்ந்தது. எஞ்சிய மூன்று வகைகளும் சேர்ந்து 40 மொழிகளே. மீதமுள்ள 189 மொழிகளில் இன்ன வரிசையே முதன்மை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை.

ஆகவே ‘தமிழ் தலைகீழ் மொழி’ என்பது உண்மைக்கு மாறானது. தமிழின் வரிசையே அக்கணக்கில் மிகுதியான மொழிகளின் வரிசை. ஜப்பானிய மொழி, கொரிய மொழி, துருக்கி மொழி, இந்தி, திராவிட மொழிகள் ஆகியவை அவ்வணியைச் சார்ந்தவை. ‘தாரோ புத்தகத்தைப் படித்தான்’ என்பதை ஜப்பானியர் ‘தாரோ கா ஹோன் ஓ யோண்டா’ என்பர். ‘ஹோன்’ என்பது புத்தகம்; ‘ஓ’ என்பது தமிழின் ‘ஐ’ உருபு செய்யும் வேலையைச் செய்வது; ‘யோண்டா’ என்பது வினை. சொல்லுக்குச் சொல் தமிழோடு ஒத்து நடப்பதைக் காணலாம்.

வரிசை ஒத்திருப்பதால் இரு மொழிகளும் உறவு மொழிகள் என்று முடிவு கட்டுதல் கூடாது. மலாயோடு உறவுடைய மலகாசி மொழி மடகாஸ்கர் தீவில் வழங்குகிறது. போர்னியோவின் தென்பகுதியில் வழங்கும் மாஅன்யான் மொழிக்கு அது நெருங்கிய உறவு. ஆயினும் மலகாசி மொழி வினையை முதலிலும் எழுவாயை இறுதியிலும் நிறுத்துகிறது. உறவு ஒன்று, வரிசை வேறு. மறுபுறம் ஜப்பானியமும் தமிழும் வரிசையில் ஒத்தவை. அதனை மட்டும் சான்றாகக் காட்டி உறவு பேச இயலாது.

செயப்படுபொருளை முதலில் நிறுத்தும் மொழியே உலகில் இராது என்று ஒருகாலத்தில் எண்ணியவர் பலர். பிரேசில் நாட்டின் அமேசான் பகுதியில் வழங்கும் ஹிஷ்கரியானா என்னும் மொழி, செயப்படுபொருள், வினை, எழுவாய் என்று அடுக்குவதை 1977இல் டெஸ்மண்ட் டெர்பிஷையர் எடுத்துக்காட்டினார். ‘இப்படியும் ஒரு மொழி பேச முடியுமா?’ என்று கேட்கத் தோன்றும். அவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். குழந்தைகள் அதனைக் கற்றுக்கொண்டுதான் வளர்கிறார்கள்.

2008இல் சூசன் கோல்டின்-மேடோ என்னும் உளவியலறிஞரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலம், சீனம், ஸ்பானியம், துருக்கி ஆகிய நான்கு மொழியினரிடம், பேசாமல் சைகையால் மட்டும் நிகழ்ச்சிகளைக் காட்டுமாறு கூறினர். துருக்கி ஒன்றே வினையை இறுதியில் வைக்கும் மொழி. எனினும் நான்கு மொழியினரும் செய்வோனை முதலில் காட்டி, செயப்படுபொருளை அடுத்துக் காட்டி, செயலை இறுதியில் காட்டினர். இது தமிழுக்குப் பெருமை தேடித்தரும் செய்தி என்று எவரும் துள்ள வேண்டியதில்லை. வாய்மொழியின் வரிசை ஒன்றாகவும் கைமொழியின் வரிசை மற்றொன்றாகவும் ஒரே மனிதனிடத்தில் இருக்க இயலும் என்பதே இதன் பாடம். அங்ஙனமாயின், மூன்று மொழி கற்கும் சிறுவனுக்கு மூன்று வரிசைகளும் கைவராமற் போகா.

அடையும் அடைகொளியும்

வினையின் இடம் மாறினால் அது மட்டும் மாறுவதில்லை. வாக்கியத்தின் வேறு பல உறுப்புகளும் உடன் மாறுகின்றன. இதனை எண்ணிக்கையோடு எடுத்துக்காட்டியவர் ஜோசப் கிரீன்பெர்க் என்னும் அமெரிக்க மொழியியலறிஞர். 1963இல் வெளிவந்த அவருடைய கட்டுரை 30 மொழிகளை ஒப்பிட்டு 45 பொதுமைகளைக் கூறிற்று. அம்முப்பதில் மலாயும் இருந்தது. திராவிட மொழிகளின் சார்பில் கன்னடம் இருந்தது.

கிரீன்பெர்க் கண்ட பொதுமைகளுள் ஒன்று இது: வினையை இறுதியில் நிறுத்தும் மொழிகள் பெரும்பாலும் வேற்றுமைப் பொருளைப் பெயருக்குப் பின்னரே காட்டும். வினையை முதலில் நிறுத்தும் மொழிகளில் அத்தகைய சொல் பெயருக்கு முன்னர் வரும். தமிழில் ‘வீட்டில்’ என்பதில் ‘இல்’ பின்னே நிற்கிறது. மலாயில் ‘டி ரூமா’ என்பதில் ‘டி’ முன்னே நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘இன் தி ஹவுஸ்’ என்பதும் அவ்வாறே. மலாயும் ஆங்கிலமும் வினையைச் செயப்படுபொருளுக்கு முன் நிறுத்துபவை; அதற்கேற்பவே இவையும் அமைந்தன.

தமிழ் இலக்கணத்தில் அடை, அடைகொளி என்னும் சொற்கள் உண்டு. ‘பெரிய வீடு’ என்பதில் ‘பெரிய’ அடை, ‘வீடு’ அடைகொளி. தமிழில் அடை முன்னும் அடைகொளி பின்னும் வரும். மலாயில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. விளக்கப்படும் சொல் முன், விளக்கும் சொல் பின். மலாய்ப் பாடநூல்கள் இதனை ‘டி-எம்’ விதி என்று வழங்கும். ‘பெர்டானா மந்திரி’ போன்ற சில தொடர்கள் இதற்கு விலக்கு. ‘என் மாமா வீட்டுக் கதவுச் சாவி’ என்பதை மலாயில் சொல்லிப் பாருங்கள்: ‘குன்சி பிந்து ரூமா பாக் சிக் சாயா.’ தமிழ்த்தொடரின் இறுதிச் சொல் மலாயின் முதற்சொல்; தமிழின் முதற்சொல் மலாயின் இறுதிச் சொல். கண்ணாடியில் கண்ட உருவம்போல் வலம் இடமாயிற்று. ஆயினும் ஒரு சொல்லேனும் விடுபடவில்லை.

எச்சத்தொடர்களிலும் இதே ஒழுங்குதான். ‘நேற்றுத் தோட்டத்தில் மரம் வெட்டிய ஆள்’ என்பதில் ‘வெட்டிய’ என்னும் பெயரெச்சமும் அதனைச் சார்ந்த சொற்களும் முன்னே வந்துவிடுகின்றன. ‘ஆள்’ இறுதியில் வருகிறான். மலாயில் ‘ஓராங் யாங்’ என்று ஆள் முதலில் வந்து, ‘யாங்’ என்னும் சிறுசொல்லின் பின்னர் அவன் செய்த செயல் விரிகிறது. மூன்றாம் கருவியாகிய சிறுசொல்லின் பயன் இங்கே விளங்கும்.

ஆனால் எல்லா மொழிகளும் இவ்விரு கட்சிகளில் முழுமையாகச் சேர்ந்துவிடும் என்று எண்ணுதல் வேண்டா. சீனமொழி வினையை மலாயைப்போல் நடுவில் நிறுத்துகிறது. அடைகளையும் எச்சத்தொடர்களையுமோ தமிழைப்போல் பெயருக்கு முன்னர் நிறுத்துகிறது. வினையை நடுவில் வைக்கும் மொழிகளில் இவ்வாறு எச்சத்தொடரை முன்வைப்பது உலகில் மிக அரிது. ஆங்கிலமும் ஒரு கலப்பே. ‘பிக் ஹவுஸ்’ என்னும்போது தமிழோடு சேர்கிறது. ‘தி மேன் ஹூ’ என்று எச்சத்தொடரைத் தொடங்கும்போது மலாயோடு சேர்கிறது. தமிழ்ச் சிறுவன் ‘பிக் ஹவுஸ்’ என்று ஆங்கிலத்தில் எளிதில் எழுதிவிட்டு, மலாயில் ‘பெசார் ரூமா’ என்று தவறுவதற்குக் காரணம் இப்போது தெளிவாகும். அவனுக்குத் தெரிந்த இரு மொழிகளும் ஒரு பக்கம் நிற்க, மலாய் மட்டும் மறுபக்கம் நிற்கிறது.

வினைச்சொல் சுமக்கும் செய்தி

‘மலாய்க்கு இலக்கணமே இல்லை’ என்பவர் சுட்டிக்காட்டும் காரணம் ஒன்று உண்டு. தமிழில் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று வினை மாறிக்கொண்டே இருக்கிறது. மலாயிலோ ஒருவன் வந்தாலும் ‘டாத்தாங்’, பலர் வந்தாலும் ‘டாத்தாங்’, நேற்று வந்தாலும் ‘டாத்தாங்’, நாளை வந்தாலும் ‘டாத்தாங்’.

தமிழ் வினைமுற்று ஒரு சிறு வாக்கியமே. ‘படித்தான்’ என்னும் ஒரு சொல்லில் படி என்னும் பகுதி செயலைக் கூறுகிறது. இடைநிலை இறந்தகாலத்தைக் கூறுகிறது. ‘ஆன்’ விகுதி, செய்தவன் உயர்திணை ஆண்பால் ஒருவன் என்று கூறுகிறது. அதனால் ‘அவன்’ என்னும் எழுவாயைச் சொல்லாமல் விட்டாலும் பொருள் நிற்கும். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் திணையும் பாலும் ஒத்து நடத்தலை முதற்கண் வைத்ததற்குத் தமிழின் இவ்வியல்பே காரணமாகும். எழுவாயும் வினையும் கைகோத்து நடத்தல் தமிழ் வாக்கியத்தின் முதுகெலும்பு.

மலாய் அச்செய்திகளை வேறிடத்தில் வைத்திருக்கிறது. முடிந்த செயலுக்குச் ‘சூடா’, நடந்துகொண்டிருக்கும் செயலுக்குச் ‘செடாங்’, இனி நடக்கும் செயலுக்கு ‘அக்கான்’ என்னும் சொற்கள் உண்டு. ‘செமாலாம்’ என்று நேற்றைக் குறித்துவிட்டால், வினையும் மீண்டும் ஒருமுறை காலம் காட்டவேண்டும் என்பது மலாயின் கட்டளை அன்று. சொன்னதைத் திரும்பச் சொல்வதில்லை, அவ்வளவே.

வேறொரு துறையில் மலாயின் வினை தமிழைவிடப் பரந்து நடக்கிறது. ‘ஆஜார்’ என்னும் ஒரு வேரை எடுத்துக்கொள்க. ‘பெலாஜார்’ என்றால் கற்றல். ‘மெங்ஆஜார்’ என்றால் கற்பித்தல். ‘டிஆஜார்’ என்றால் கற்பிக்கப்படுதல். ‘பெலாஜார்’ என்பதை ஒத்தொலிக்கும் ‘பெலஜார்’ என்று தமிழெழுத்தில் குறிக்கத்தக்க மற்றொரு சொல்லுக்கு மாணவன் என்று பொருள். ‘பெங்ஆஜார்’ என்றால் கற்பிப்பவர். ‘பெலாஜாரான்’ என்றால் பாடம். ‘ஆஜாரான்’ என்றால் போதனை. ஒரு வேர், முன்னொட்டும் பின்னொட்டும் மாற மாறக் கற்பவனும் கற்பிப்பவனும் கற்கப்படும் பொருளும் அதிலிருந்து கிளைக்கின்றனர். இவ்வொட்டுகளைப் பிறழ வைத்தால் ஆசிரியர் மாணவராகிவிடுவார். இலக்கணம் இல்லாத மொழியில் இப்பிழை நேர வழியே இல்லை. ஸாபா என்று அறியப்பட்ட ஸைனல் அபிடின் அகமது தம்முடைய ‘பெலித்தா பகாசா மெலாயு’ என்னும் இலக்கண நூலின் முதற்பகுதியை 1940இல் வெளியிட்டார். மலாய் இலக்கணத்தை மலாய் மொழியிலேயே விரித்துரைத்த பெருநூல் அது.

தமிழ் மாணவனுக்குக் கிட்டிய முதல்

இலக்கணம் கற்கையில் தாய்மொழி தடையாக மட்டும் நிற்பதில்லை. பல இடங்களில் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது.

ஆங்கிலத்தில் ‘வீ’ என்னும் சொல், கேட்பவரையும் சேர்த்துச் சொல்வதா, அவரை விலக்கிச் சொல்வதா என்பது அச்சொல்லிலிருந்தே தெரியாது. தமிழில் ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளடக்கம். ‘நாங்கள்’ என்றால் அவர் நீங்கலாக. மலாயில் ‘கித்தா’, ‘காமி’ என்னும் இரு சொற்களும் இதே வேறுபாட்டைக் காட்டுகின்றன. நம் நாட்டில் வழங்கும் ஹொக்கியன் மொழியிலும் ‘லான்’, ‘குவான்’ என்னும் இரட்டை உண்டு. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் முயன்று கற்கவேண்டிய ஒன்றைத் தமிழ்ச் சிறுவன் பள்ளிக்கு வருமுன்னரே தாயிடம் கற்றுவிட்டான். ‘நாம் என்றால் கித்தா, நாங்கள் என்றால் காமி’ என்று ஒருமுறை சொன்னால் போதும்.

எதிர்மறையும் அவ்வாறே. மலாயில் பெயரை மறுக்கப் ‘புக்கான்’ வரும். வினையை மறுக்கத் ‘திடாக்’ வரும். ‘இனி புக்கான் புக்கு’ என்பதே சரி. ‘இனி திடாக் புக்கு’ என்பது பிழை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘நாட்’ ஒன்றே. எழுத்துத் தமிழில் ‘இது புத்தகம் அன்று’ எனவும், ‘அவன் படிக்கவில்லை’ எனவும் இரு வடிவங்கள் உண்டு. ஆனால் பேச்சுத்தமிழில் இரண்டும் ‘இல்லை’ என்பதில் அடங்கிவிட்டன. ஆதலின் பேச்சுத்தமிழை மட்டும் அறிந்த சிறுவன் ‘திடாக் புக்கு’ என்று எழுதுகிறான். அன்று, அல்ல என்பவற்றைத் தமிழ்ப்பாடத்தில் செம்மையாகக் கற்றவனுக்கோ ‘புக்கான்’ பழகிய முகம். தமிழ்ப்பாடம் மலாய்ப்பாடத்திற்குச் செய்யும் உதவி இது.

எண்ணுப்பெயரிலும் ஒரு வழி உண்டு. மலாயில் மூன்று மாணவர் ‘தீகா ஓராங் மூரிட்’. மூன்று ஆடு ‘தீகா ஏகோர் காம்பிங்’. மூன்று புத்தகம் ‘தீகா புவா புக்கு’. எண்ணுக்கும் பெயருக்கும் இடையில் ஆள், வால், பழம் எனப் பொருள்படும் சொற்கள் வந்து அமர்கின்றன. இது விந்தையாகத் தோன்றலாம். ‘மூன்று பேர்’ என்று தமிழர் நாள்தோறும் சொல்வதை நினைவூட்டினால் விந்தை அகலும். மேலும் மலாயில் எண் வந்தபின் ‘புக்கு-புக்கு’ என்று பெயரை இரட்டித்தல் கூடாது. தமிழிலும் ‘மூன்று மாடு’ என்னும் வழக்கு உண்டு. ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என்று இருபாற்கும் பொதுவாக நிற்கும் பெயரைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கணம் ஏற்றுக்கொண்டது.

பிறமொழி அச்சில் வார்த்த தமிழ்

பிழை மாணவனிடம் மட்டும் இல்லை. கற்றவர் எழுதும் தமிழிலும் புகுந்துவிட்டது. அதற்கு ஒரு சான்று, செயப்பாட்டு வினை.

புத்தகத்தைப்பற்றிய பேச்சு நடக்கிறது. அதனால் வாக்கியத்தைப் புத்தகத்திலிருந்து தொடங்கவேண்டும். ஆங்கிலத்திலும் மலாயிலும் புத்தகத்தை முன்னே தள்ளிவிட்டு வினையை அப்படியே வைத்தால், புத்தகமே மாணவனை வாசித்ததாகிவிடும். ஆதலின் அவை வினையின் வடிவத்தை மாற்றுகின்றன: ‘புக்கு இத்து டிபாச்சா ஓலே மூரிட் இத்து.’ சொல்லின் இடத்தையே முதன்மைக் கருவியாகக் கொண்ட மொழிக்கு இவ்வழி இன்றியமையாதது.

தமிழுக்கு அந்த நெருக்கடி இல்லை. ‘அந்தப் புத்தகத்தை மாணவன் வாசித்தான்’ என்றால் முடிந்தது. ‘ஐ’ உருபு காவல் நிற்கிறது; புத்தகம் எங்கே நின்றாலும் வாசிக்கப்படுவதாகவே இருக்கும். இவ்வசதியை மறந்து, ‘அந்தப் புத்தகம் மாணவனால் வாசிக்கப்பட்டது’ என்று எழுதுவது, மழையில்லா நாளில் குடை பிடித்து நடப்பதைப் போன்றது. ‘டிலாராங் மெரோக்கோக்’ என்னும் மலாய் அறிவிப்பைத் தமிழாக்குவோர் ‘புகைபிடித்தல் தடைசெய்யப்பட்டுள்ளது’ என்கின்றனர். ‘புகைபிடிக்காதீர்’ என்னும் ஒரே சொல், அப்பணியை முற்றும் செய்துவிடும். செய்தவர் இன்னார் என்று தெரியாதவிடத்தும், சொல்ல வேண்டாதவிடத்தும் ‘படு’ வரலாம். அது தமிழுக்கு அயலன்று. தேவையறிந்து வருவது வேறு. மொழிபெயர்ப்பின் நிழலாக வருவது வேறு.

பிறமொழி அளவுகோலைக் கையாளும் பழக்கம் புதியதன்று. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு தமிழ் இலக்கணம் ஒன்றை இலத்தீனில் எழுதினார். அது 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. வில்லியம் மார்ஸ்டன் எழுதிய மலாய் இலக்கணம் 1812இல் லண்டனில் வெளிவந்தது. கடல்கடந்து வந்தவர் தமக்குத் தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்கினர். அவர்தம் உழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் இலத்தீனில் உள்ளதைத் தேடி மலாய்க்குள் நுழைபவருக்கு இல்லாதவை மட்டுமே கண்ணிற்படும். மலாயில் உள்ளவற்றைக் காண மலாயின் கண் வேண்டும். தமிழில் உள்ளவற்றைக் காணத் தமிழின் கண் வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் என்பது ஆசிரியப் பயிற்சியின் முதற்பாடம். அதனை இங்கே மூன்று வகையிற் கையாளலாம்.

முதலாவது, ஒரே வாக்கியத்தை மூன்று மொழிகளிலும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கரும்பலகையில் எழுதி, ஒத்த சொற்களைக் கோட்டால் இணைக்கச் சொல்லுதல். ‘என் மாமா வீட்டுக் கதவுச் சாவி’ என்னும் தொடரில் தமிழுக்கும் மலாய்க்கும் இடைப்பட்ட கோடுகள் யாவும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். அப்படத்தை ஒருமுறை கண்ணால் கண்ட மாணவன் ‘பெசார் ரூமா’ என்று எழுதுமுன் சற்றே நிற்பான்.

இரண்டாவது, பிழைகளை எண்ணாமல் இனம் பிரித்தல். சொல் நின்ற இடம் தவறா, ஒட்டவேண்டிய ஒட்டுத் தவறா, வரவேண்டிய சிறுசொல் விடுபட்டதா என்று மூன்று பத்திகளில் குறித்துவந்தால், இருபது பிழை செய்த மாணவன் உண்மையில் இரண்டே பிழைகளைப் பத்துமுறை செய்திருப்பது பல வேளைகளில் தெரியவரும். இருபது பிழையைத் திருத்துவது மலைப்பு. இரண்டைத் திருத்துவது ஒரு வாரத்து வேலை.

மூன்றாவது, தமிழ் ஆசிரியரும் மலாய் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஓய்வறையில் பேசிக்கொள்ளுதல். நாம், நாங்கள் என்பது எப்போது கற்பிக்கப்படுகிறது என்பதை மலாய் ஆசிரியர் அறிந்தால், அவ்வாரமே கித்தா, காமி என்பவற்றை நடத்திவிடலாம். செலவில்லாத ஏற்பாடு இது. நாட்டில் உள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளிலும் நாளையே தொடங்கத்தக்கது.

பெற்றோர் அறியவேண்டியதும் ஒன்றுண்டு. மலாயும் ஆங்கிலமும் நன்கு வரவேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழைக் குறைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உள்ளன. ஒரு மொழியின் அமைப்பைத் தெளிவாகக் கைக்கொண்ட பிள்ளைக்கு, மற்றொரு மொழியை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிலையான இடம் கிடைக்கிறது. அவ்விடத்தை அகற்றிவிட்டால் ஒப்பிட அவனிடம் ஏதும் இராது.

பழைய உரையாசிரியர்கள் சொற்களின் நிலையை வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்றாகப் பகுத்தனர். வழு என்று கண்டவுடன் தள்ளிவிடாமல், அதற்குக் காரணம் உண்டா என்று ஆராய்ந்து, காரணம் உள்ளவிடத்து அமைதி கூறினர். மாணவன் ஏட்டில் காணும் பிழை வழுவமைதி ஆகாது, திருத்தவேண்டியதே. ஆயினும் திருத்துமுன் காரணத்தைத் தேடும் அந்தப் பழக்கம், இன்றைய ஆசிரியரும் மேற்கொள்ளத்தக்கது. ‘இனி பெசார் ரூமா’ என்று எழுதிய சிறுவனிடம் ஓர் இலக்கணம் இருக்கிறது. அவன் இரண்டாவது இலக்கணத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறான். அதற்கு வேண்டிய நேரத்தையும் விளக்கத்தையும் அவனுக்குக் கொடுப்பதே கற்பிப்போர் கடன்.